ரீவ் வீட்டுச் சம்பந்தம்

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் போன் செய்து, "அம்மா, இங்க எல்லாரும் என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க" என்றாள்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து ஒன்று இருக்கும், அதோடு சரி. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டால் விசாவில் சிக்கல் வரும் என்று ஏஜென்சிக்காரர் சொன்னதால் என் கணவரின் பெயரைப் போட்டிருந்தோம். அவர் இறந்தபோது மகள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ குளிர்தேசத்து ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டி படுக்கையிலிருந்து என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சுவரில் இருந்த அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தப் பெயர் அங்கே புழங்குகிறது என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம் உண்டு.

கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பிசியோதெரபிஸ்ட் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவள் சொன்னபோது நான் அவ்வளவாக அதிரவில்லை. கல்யாணத்துக்கு வந்திறங்கிய பிறகு, சமையலறையில் நின்றுகொண்டு, "நான் அவங்க சர்நேமுக்கு மாறிக்கலாம்னு இருக்கேம்மா" என்றாளே, அப்போதுதான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"எதுக்கு?"

"ஒரே வீட்ல ரெண்டு சர்நேம் இருந்தா போற இடமெல்லாம் விளக்கம் சொல்லணும்மா. அப்பா பேரை அங்க ஒருத்தரும் ஒழுங்கா உச்சரிக்கறதில்ல. கடிச்சுத் துப்புறாங்க. கேக்கறதுக்கு எனக்கே கஷ்டமா இருக்கு."

"கடிச்சுத் துப்பினாலும் அவர் பேருதானே?"

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளைப் பையனும் அவன் அப்பாவும் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் "வாங்க" என்றேன்.

அவர்களுடைய குடும்பப் பெயர் ரீவ். இதில் நான் எழுதப்போகும் ஒரே பெயர் அதுதான். மற்றவர்கள் பலரும் உயிரோடு இருக்கிறார்கள், இதைப் படிக்கக்கூடியவர்கள்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாபநாசத்தில் சொந்த வீடு. என் அப்பா என்னோடு இருக்கிறார். அவர் பிறந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், பண்ணையாள் வீட்டில். மிராசுதாரின் மாடு மேய்த்து வளர்ந்தவர். பிறகு கூலி, பிறகு குத்தகை, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் என்று மேலேறி வந்தவர். இப்போது அந்த நிலத்தை என் தம்பி பார்த்துக்கொள்கிறான். அம்மா காலமானதும் நான் கூப்பிட்டேன், உடனே கிளம்பி வந்துவிட்டார். ஊரைவிட்டு வர அவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளைக்கார மாப்பிள்ளை என்றதும் அப்பா கேட்டது ஒன்றுதான். "பொண்ணுகிட்ட குரலை ஒசத்திப் பேசுவானா?" மாட்டான் என்று பேத்தி சொன்னாள். "அப்ப சரி" என்றார்.

சம்பந்தி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரமான மனிதர், காது ஓரங்கள் வெயிலில் சிவந்திருந்தன. மனைவிக்கு முட்டி ஆபரேஷன் நடந்திருந்ததால் அவர் மட்டும் வந்திருந்தார். எதைப் பரிமாறினாலும் அது என்ன, எதில் செய்தது என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தார். அப்பா அதை யாருக்கும் செய்ய மாட்டார்.

மோர் சாதத்துக்கு வந்தபோது அப்பா என்னிடம், "இவங்க வூட்டுப் பேரு என்னமோ சொன்னாளே பாப்பா, அதுக்கு என்ன அர்த்தம்னு கேளு" என்றார்.

கேட்டேன். சம்பந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. அது அவருக்குப் பிடித்த விஷயம் என்று மகன் சிரித்துக்கொண்டே சொன்னான். ஓய்வுபெற்ற பிறகு மனிதர் இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறாராம். அங்கே பழைய காலத்தில் தொழிலை வைத்துத்தான் பலருக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது, ரொட்டி சுட்டவன், இரும்பு அடித்தவன், மாவு அரைத்தவன் என்று. அப்படி வந்ததுதான் ரீவும். சிலர் அது காட்டோரம் குடியிருந்தவர்களைக் குறிக்கும் என்பார்கள், ஆனால் தன் குடும்பத்துக்கு அது பொருந்தாது என்றார். பிரபுவின் நிலங்களில் அடிமையாக வேலை செய்தவர்களை விரட்டி வேலை வாங்கியவன்தான் ரீவ் என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். அதற்குமேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா என் கையைத் தட்டினார்.

"என்ன சொல்றாரு?"

நான் யோசிக்கவில்லை. வாயில் வந்த சொல்லைச் சொன்னேன்.

"பண்ணையில ஆளுங்களை விரட்டி வேலை வாங்குவாங்கள்லப்பா, காரியக்காரரு. அதான் அர்த்தமாம்."

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. என் அப்பாவுக்கு முன்னால் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது அதுதான். மிராசுதாரை அவர் அதிகம் பார்த்ததே இல்லை. மிராசுதார் தஞ்சாவூரில் இருந்தார். விடியற்காலையில் தெரு முனையில் வந்து நின்றதும், கூலி நெல் அளக்கும்போது மரக்காலைத் தட்டிக் குறைத்ததும், அடித்ததும் காரியக்காரர்தான். கன்றுக்குட்டி ஒன்று நாற்றங்காலில் இறங்கிவிட்டதற்காக அப்பாவைப் புளியமிளாறால் அடித்ததில், இடது தோளில் ஒரு கோடு இன்றும் இருக்கிறது. சட்டை போடாமல் அவர் யார் முன்னாலும் உட்கார மாட்டார்.

அப்பா இலையை மூடினார். மோர் சாதம் அப்படியே இருந்தது. கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். சம்பந்தி என்னைப் பார்த்தார், மகள் என்னைப் பார்த்தாள். உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெளுத்த சட்டை ஒன்றை மாற்றிக்கொண்டு, கையில் மஞ்சள் பையோடு வெளியே வந்தார்.

"நான் உன் தம்பி வூட்டுக்குப் போறேன். அறுப்பு நடக்குது, ஆள் வேணும்."

"அப்பா, விருந்தாளிங்க வந்திருக்காங்க."

"சாப்பிட்டாச்சுல்ல."

"கல்யாணத்துக்கு வந்துடுவீங்கள்ல?"

அப்பா படியிறங்கி, நிழல் இருந்த பக்கமாகவே பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து போனார். பேத்தி பின்னாலேயே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தாள்.

"பஸ் ஏறிட்டாரு. என்னைப் பாக்கவே இல்ல" என்றாள். பிறகு சம்பந்தியிடம் திரும்பி, ஆங்கிலத்தில், நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். பண்ணையாள் என்றால் என்ன, காரியக்காரர் என்றால் என்ன, தாத்தாவின் தோளில் இருப்பது என்ன. அவள் அவ்வளவு வேகமாக ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா கையிலிருந்த சாதத்தை இலையிலேயே போட்டுவிட்டார்.

பிறகு அவர், தான் சொல்ல வந்ததைப் பாதியிலேயே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். ரீவ் பிரபுவின் ஆள்தான். ஆனால் வெளியிலிருந்து வந்தவன் இல்லை. அந்த அடிமைகளிலேயே ஒருவன். அவர்கள் மத்தியிலிருந்தே ஒருவனைப் பிடித்து, மற்றவர்களுக்கு நீதான் பொறுப்பு என்று தலையில் கட்டிவிடுவார்கள். வேலை நடக்காவிட்டால் அவனுக்குத்தான் முதல் தண்டனை. அவனுக்கு மட்டும் ஏதாவது சின்னச் சலுகை கொடுப்பார்கள்.

அதற்குத் தமிழில் சொல் இருந்தது. காரியக்காரர் இல்லை. கங்காணி.

என் ஊரில் எங்கள் வீட்டை அப்படித்தான் சொல்வார்கள். கங்காணி வூடு. சின்ன வயதில் நான் கங்காணி வூட்டுப் பேத்தி. எங்கள் முன்னோர் யாரோ மலேயாவுக்குப் போய்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்ததால் வந்த பெயர் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நான் அதைப் பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன். கப்பலேறிப் போன ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்திருக்கிறார் என்று. ஆனால் அப்பா ஒரு தடவைகூட அந்தக் கப்பல்காரரைப் பற்றிப் பேசியதில்லை. அது ஏன் என்று அந்த மத்தியானம்தான் முதன்முதலாக யோசித்தேன்.

மறுநாள் காலையில் கார் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளைப் பையன் கும்பகோணத்தில் கல்யாண மண்டப வேலையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டான். நானும் வருவேன் என்று சம்பந்தி பிடிவாதம் பிடித்தார். வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிப் பார்த்தோம். "என் வாயால் கெட்டது" என்றார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மன்னார்குடி தாண்டியதிலிருந்து வழியெல்லாம் சம்பா அறுப்பு. ரோட்டின் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். கார் ஊர்ந்து ஊர்ந்து போனது. பின் சீட்டில் மகள் என் காதருகில் சாய்ந்து பேசினாள்.

"அம்மா, அவர் இன்னொரு அர்த்தம் சொன்னாரே, காட்டோரம் குடியிருந்தவங்கன்னு. அதையே தாத்தாகிட்ட சொல்லிடலாம். நீ மொழிபெயர்த்தது தப்புன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை."

"அவங்க குடும்பத்துக்கு அது பொருந்தாதுன்னு அவரே சொன்னாரு."

"தாத்தா வரலைன்னா நான் இந்தக் கல்யாணத்தைப் பண்ணிக்க மாட்டேன். தெரியும்ல?"

தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி வீட்டில் அப்பா இல்லை. டீக்கடையில் விசாரித்தோம். "யாரு, கங்காணி வூட்டுப் பெரியவரா? வயலுக்குப் போனாரே" என்றார் கடைக்காரர். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது புதிதாகக் கேட்டது.

அறுவடை இயந்திரம் ஒரு கோடியில் சத்தம் போட்டுக்கொண்டு திரும்பியது. அப்பா வரப்பில், வேப்பமர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். அது மரியாதையா, போய்விடப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. சம்பந்தி கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டார்.

மகள் முந்திக்கொண்டாள்.

"தாத்தா, அம்மா தப்பா சொல்லிட்டாங்க. அந்தப் பேருக்குக் காட்டோரம் குடியிருந்தவங்கன்னுதான் அர்த்தமாம். அவர் இங்கிலீஷ் பேசுற வேகத்துல அம்மாவுக்குப் புரியலை."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்படியா?"

இயந்திரத்தின் சத்தம் நின்று, வைக்கோல் தூசி எங்கள் மேல் வந்து படிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இல்லப்பா" என்றேன். "நான் சொன்னது தப்புங்கறது நிஜம். காரியக்காரர்னு சொல்லியிருக்கக் கூடாது. அது ஆளுங்களுக்குள்ளேயே ஒருத்தரைப் புடிச்சுப் போடுறது. கங்காணி."

மகள் கையை விட்டுவிட்டாள்.

அப்பா மெல்ல மறுபடி உட்கார்ந்தார். காலடியில் கிடந்த ஒரு கதிரை எடுத்து உருவினார். நெல் அவர் மடியில் விழுந்தது.

"மலேயாவுக்கு யாரும் போவலை" என்றார். "உங்கம்மா உனக்குச் சொன்ன கதை அது. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு அவளாக் கட்டிச் சொன்னா."

அதன் பிறகு நிறுத்தாமல் சொன்னார். அவருடைய அப்பாவைத்தான் காரியக்காரர் கங்காணியாகப் போட்டிருக்கிறார். "மாட்டேன்னு சொல்ல முடியுமா? சொன்னா ராவோட ராவா குடிசையைப் பிரிச்சுடுவான்." இருட்டு பிரியும் முன்னால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ஆட்களை எழுப்பி வயலுக்கு ஓட்ட வேண்டும். அதற்கு வருஷத்துக்கு ஒரு வேட்டி அதிகம். ஒருநாள் அப்பாவின் சித்தப்பா, அதாவது கங்காணியின் கூடப்பிறந்த தம்பி, வேலைக்கு நேரங்கழித்து வந்திருக்கிறார். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல்.

"களத்து மேட்டுத் தென்னமரத்துல சித்தப்பாவைக் கட்டுனாங்க. காரியக்காரன் சவுக்கை எங்கப்பன் கையில குடுத்தான். மெதுவா அடிச்சா உனக்கு ரெட்டிப்புன்னான். நான் மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தவன் அப்படியே நின்னுட்டேன். எங்கப்பன் என்னைப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் அடிச்சாரு."

இவ்வளவு நாள் அந்த வீட்டில் வளர்ந்து, அப்பாவோடு இத்தனை வருஷம் ஒரே கூரையில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

"அன்னியிலேருந்து அந்த வூட்டுக்கும் நமக்கும் பேச்சு வார்த்தை இல்ல. நல்லது கெட்டது எதுக்கும் இல்ல. தெருவுக்கு நாம கங்காணி வூடு. எங்கப்பன் செத்த பிறகும் அதான் பேரு. நான் நெலம் வாங்கின பிறகும் அதான். ஏம் புள்ளைங்க படிச்ச பிறகும் அதான்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தக் காரியக்காரன் பேரு இன்னைக்கு ஒருத்தருக்கும் ஞாபகமில்ல."

சம்பந்தி என்னிடம், அவர் என்ன சொல்கிறார் என்று மெதுவாகக் கேட்டார். நேற்று அவசரத்தில் சொன்னதுபோல இல்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். தென்னைமரத்துக்கு வந்தபோது அவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்துவிட்டார். முடித்ததும் வரப்பில் அப்பாவுக்குப் பக்கத்தில், நிழல் இல்லாத இடத்தில் உட்கார்ந்தார். தன் தாத்தாவின் அப்பாவரைக்கும் தனக்குத் தெரியும், எல்லாரும் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள் என்றார். அதற்கு முன்னால் அந்தப் பெயரை முதலில் சுமந்தவன் யாரை அடித்தான், யாருக்காக அடித்தான் என்று தான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்றார்.

"மாத்திக்கணும்னு தோணலையான்னு கேளு" என்றார் அப்பா.

அங்கே யாருக்கும் அர்த்தம் தெரியாது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்போம், அவ்வளவுதான் என்று சொன்னார் சம்பந்தி.

"குடுத்து வச்சவங்க. இங்க அர்த்தம் தெரிஞ்சவன் நம்ம தெருவுலேயே இருக்கான்" என்றார் அப்பா. பிறகு மடியிலிருந்த நெல்லைத் தட்டிவிட்டு எழுந்தார். "பத்திரிகை கொண்டாந்திருக்கியா?"

காரில் இருந்தது. மகள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். அப்பா முன்னால் நடந்தார். சம்பந்தியையும் வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அன்று காய்ச்சலில் கிடந்த அந்தச் சித்தப்பா பிள்ளைக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். அவர் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரைக் கடந்துதான் போயிருக்கிறேன். அவர் எங்களைப் பார்க்க மாட்டார், நாங்களும் பார்க்க மாட்டோம். அது அப்படித்தான் என்று பழகியிருந்தது. அப்பா தன் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவர் பேப்பரை மடித்தார். வா என்று சொல்லவில்லை.

"பேத்திக்குக் கல்யாணம்" என்றார் அப்பா.

அவர் சம்பந்தியை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு யாரு?"

"சம்பந்தி" என்றார் அப்பா. "இவங்க வூட்டுப் பேரும் நம்ம வூட்டுப் பேருதானாம். கங்காணி."

"நம்ம வூட்டுப் பேரா?" என்றார் அவர். "உங்க வூட்டுப் பேரு."

எதிர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். அப்பா திரும்பி நடந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை.

"ஆமாடா. எங்க வூட்டுப் பேருதான். நான் பாத்தேன். மாட்டோட நின்னு பாத்தேன். உங்கப்பா முதுகை நான் பாத்தேன்."

"நீ ஒரு நாள் பாத்தே" என்றார் அவர். "குளிர் வந்தா அந்தத் தழும்பெல்லாம் இழுக்கும். அவர் சாவுற வரைக்கும் எண்ணெய் தடவுனது நான்."

வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. சம்பந்திக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் அவர் இரண்டு கையையும் சேர்த்து, கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாதவர்போல வயிற்றுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றார். பத்திரிகை அப்பாவின் நீட்டிய கையிலேயே இருந்தது. வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை.

உள்ளேயிருந்து அந்த வீட்டு மருமகள் வந்தாள். மாமனாரைப் பார்க்காமல் நேராக வந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "வெயில்ல நிக்கிறீங்களே மாமா, குடிங்க" என்றாள். அப்பா சொம்பை அண்ணாந்து குடித்தார். கழுத்தில் வழிந்து சட்டை நனைந்தது. அந்தப் பெரியவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் அப்பா எங்களோடு காரில் ஏறினார். யாரும் கூப்பிடவில்லை, அவராகத்தான் ஏறினார். மன்னார்குடி தாண்டும் முன்பே தூங்கிவிட்டார். அப்போது மகள் சொன்னாள்:

"நான் அப்பா பேரையே வச்சுக்கறேன்மா."

"எனக்காகவா?"

"இல்ல. தாத்தாகிட்ட அந்தப் பேரை வேற என்னவோன்னு மறைக்கப் பாத்தேன்ல. மறைச்சுச் சொல்ல வேண்டிய பேரை எப்படி ஆயுசு பூரா என் பேருக்குப் பின்னால எழுதறது?"

"அவங்க வருத்தப்படுவாங்களே."

"அவன் ஆரம்பத்துலேருந்தே உன் இஷ்டம்னுதான் சொல்றான். நான்தான் மாத்திக்கணும்னு நின்னேன்." முன் சீட்டைப் பார்த்தாள். அதையே ஆங்கிலத்தில் சம்பந்தியிடமும் சொன்னாள். அவர் பின்னால் திரும்பி, தனக்கு வருத்தம்தான், ஆனால் தான் அவளாக இருந்தால் அதையேதான் செய்திருப்பேன் என்றார். வருத்தம் இல்லை என்று அவர் பொய் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு எந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. விட்டுவிட்டேன்.

கும்பகோணத்தில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி எடுத்துக் கொடுத்தது அப்பாதான். அந்த வீட்டு மருமகள் தன் இரண்டு பெண்களோடு வந்திருந்தாள். முன் வரிசையில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று நடுவில் உட்கார்ந்தாள். அவள் மாமனார் வரவில்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது தம்பி வந்து என்னிடம் கிசுகிசுத்தான். அந்தப் பெரியவர் மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறாராம். உள்ளே வரச் சொன்னதற்கு, வேறு வேலையாகக் கும்பகோணம் வந்ததாகச் சொன்னாராம். புது வேட்டி கட்டியிருக்கிறார் என்றான் தம்பி.

அப்பாவிடம் சொன்னேன். பட்டுச் சால்வையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். மண்டபத்து வாசலில் நின்று பார்த்தேன். நடுவில் டவுன் பஸ் ஒன்று வந்து நின்று மறைத்துக்கொண்டது. அது நகர்ந்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளரோடு, ஒருவரையொருவர் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அப்பா தனியாகத் திரும்பி வந்தார்.

"என்னப்பா பேசினீங்க?"

"மழை வராம அறுப்பு முடிஞ்சுதேன்னு பேசுனோம்" என்று சொல்லி, சால்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சம்பந்திக்குப் பரிமாறியாயிற்றா என்று பார்க்கப் போனார்.